விற்கிற வீட்டுக்கு என்ன விசேஷம்?

மதுரையில் நாங்கள் குடியிருக்கும் தெருவின் கடைசியில் ஒரு சின்ன அம்மன் கோயில் உண்டு. பங்குனிப் பொங்கல் நெருங்கினால் அதற்கு வெள்ளையடிப்பார்கள். போன தடவை நான் காய்கறிப் பையோடு அந்தப் பக்கமாக வரும்போது, தகர டிரம்மில் கல்சுண்ணாம்பைக் கொட்டி ஒருவர் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். சுண்ணாம்பு உஸ்ஸென்று பொங்கி வெடித்துக் கொதிக்க ஆரம்பித்தது. ஆவியோடு அந்த வாசனை வந்தது. சூடும் மண்ணும் கொஞ்சம் காரமும் கலந்த வாசனை. இப்போது எல்லோர் வீட்டிலும் பெயிண்ட் வாளிதான் என்பதால் அதை முகர்ந்து வெகு காலமாகிவிட்டது. பையைத் தரையில் வைத்துவிட்டு அங்கேயே நின்றேன். டிரம்காரர், "தள்ளி நில்லுங்கம்மா, மேல தெறிச்சிரும்" என்றார். எங்கள் ஆச்சியும் இதையேதான் சொல்லுவாள்.

நான் பிறந்து வளர்ந்தது திருநெல்வேலி டவுனில், ரத வீதியிலிருந்து பிரிந்து போகும் ஒரு தெருவில். நெல்லையப்பருக்கு ஆனித் தேர் ஓடும்போது வடம் பிடிக்கிறவர்கள் போடும் சத்தம் எங்கள் தார்சா வரைக்கும் கேட்கும். அகலம் குறைந்து நீளம் கூடிய வீடு. நடை, தார்சா, பட்டாசல், இரண்டாங்கட்டு, அடுக்களை, அங்கணம், கடைசியில் கிணறும் புறவாசலும். வாசலில் நின்று எட்டிப் பார்த்தால் புறவாசல் முருங்கை தெரியும். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டோடு ஒட்டின சுவர். சுண்ணாம்புக் காரை பூசி வழவழவென்று தேய்த்த சுவர் அது. சித்திரை வெயிலிலும் முதுகைச் சாய்த்தால் குளிர்ந்து கிடக்கும்.

மார்கழி கடைசியில் வெள்ளையடிப்பு. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து கிளிஞ்சல் சுண்ணாம்பு வரும். அதைப் புறவாசலில் பெரிய மண்பானையில் போட்டு நீற்றி, அப்பாவின் பழைய வேட்டியில் வடிகட்டி, சோற்றுக் கஞ்சியும் கொஞ்சம் நீலமும் சேர்ப்பார்கள். கஞ்சி சேர்த்தால்தான் சுவரில் சாய்ந்தவன் முதுகில் ஒட்டாது. நீலம் சேர்த்தால்தான் வெள்ளை மஞ்சளடிக்காது. நுனியை நசுக்கி நாராக்கின மட்டைதான் பிரஷ். வருஷா வருஷம் அதே கொத்தனார் தாத்தா வருவார். கண்ணில் சுண்ணாம்பு தெறித்துவிடாமல் இருக்கத் துண்டை நெற்றி வரைக்கும் இறக்கிக் கட்டிக்கொண்டு ஏணியில் ஏறுவார். அன்றைக்குச் சாமான் முழுவதும் தெருவுக்கு வந்துவிடும். பீரோவை நகர்த்தினால் அடியில் பம்பரம், ஒற்றைத் தோடு, காணாமற்போன கணக்கு நோட்டு என்று ஏதாவது கிடைக்கும். மிச்சச் சுண்ணாம்பை, பொங்கல் பானை வைக்கிற பொங்கக்கட்டிக்குப் பூசி, மேலே காவியால் பட்டை போடுவது அண்ணன், தம்பி, நான் என்று எங்கள் மூன்று பேர் வேலை. அதில் அண்ணன் போட்ட பட்டைதான் நேராக இருக்கும். இன்றைக்கும் அவன் எதையும் நேராகப் போடுகிறவன்தான். விஷயத்துக்கு வருகிறேன்.

மார்கழியைத் தவிர வேறு மாதத்தில் ஒரு வீட்டுக்கு வெள்ளையடித்தால் அங்கே ஏதோ விசேஷம் என்று தெரு புரிந்துகொள்ளும். "என்ன, பிள்ளைக்குப் பாத்துட்டியளா?" என்று எதிர்வீட்டிலிருந்து விசாரணை வந்துவிடும். அத்தை கல்யாணத்துக்கு ஐப்பசியில் வெள்ளையடித்தார்களாம், அடை மழையில் பாதிச் சுண்ணாம்பு தெருவில் ஓடியதாம். ஆச்சி இதை நூறு தடவை சொல்லியிருக்கிறாள். கல்யாணம், வளைகாப்பு, பெண் பார்க்க வருகிறார்கள் என்று எதற்காகவோ வீடு வெள்ளையாகும். விற்பதற்காக எவரும் வெள்ளையடித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அந்தக் காலத்தில் வீடு விற்பதே குசுகுசுவென்று நடக்கும் காரியம். கடனுக்குத்தான் விற்பார்கள். விளக்கு வைத்த பிறகு தரகர் வந்து, விடியுமுன் பேச்சு முடிந்து, அட்வான்ஸ் வாங்கின பிறகுதான் பக்கத்து வீட்டுக்கே தெரியும்.

அம்மா போன பிறகு வீடு பூட்டிக் கிடந்தது. அண்ணன் சென்னையில், நான் மதுரையில். தம்பி பாளையங்கோட்டையில் இருந்தாலும் அவனுக்குத் தனி வீடு இருக்கிறது. வாரத்துக்கு ஒரு நாள் வந்து விளக்குப் போட்டுவிட்டுப் போவான். விற்றுவிடலாம் என்பதில் எங்களுக்குள் தகராறு இல்லை. அப்படியே விற்பதா, சரிபண்ணி விற்பதா என்பதில்தான் வந்தது.

அண்ணன் ஒரு காண்டிராக்டரைக் கூட்டிக்கொண்டு வந்து மதிப்பீடு போட்டான். சிவப்புத் தரையைக் கொத்தியெடுத்து டைல்ஸ், பட்டாசலுக்கு ஃபால்ஸ் சீலிங், அடுக்களைக்கு கிரானைட் மேடை, சுவர் முழுக்கப் பட்டி பார்த்து எமல்ஷன். பன்னிரண்டு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. "பாக்கவனுக்கு மொதப் பார்வையிலேயே பிடிச்சிரணும்ட்டி. அழுக்கு வீட்டக் காட்டுனா அழுக்கு வெலதான் கேப்பான்" என்றான். தம்பி சிரித்தான். "வாங்குதவன் இடிக்கத்தாம்ணே போறான். இடிக்கிற வீட்டுக்கு எதுக்கு டைல்ஸு?"

அண்ணன் சொன்னதைத் தப்பென்று தள்ளிவிட முடியாது. சென்னையில் அவன் இருப்பது அடுக்குமாடிக் குடியிருப்பில். அங்கே மனை எல்லோருக்கும் பொது, அதில் தன் பங்கு எங்கே இருக்கிறது என்று எவரும் கைகாட்ட முடியாது. வாங்க வருகிறவர் பார்ப்பது சுவரையும் குழாயையும் கழிவறையையும்தான். அங்கே இரண்டு கோட்டிங் பெயிண்ட் காசைத் திருப்பித் தந்துவிடும். அந்தக் கணக்கை அவன் ஊருக்குக் கொண்டு வந்தான். டவுனில் அது செல்லவில்லை.

செல்லாது என்று முதலில் சொன்னவர் தரகர். வெற்றிலையைக் கன்னத்தில் அதக்கிக்கொண்டு பட்டாசலை ஒரு சுற்றுச் சுற்றினார். "அண்ணாச்சி, சொல்லுதேன்னு வெசனப்படாதிய. இங்க மனைக்குத்தான் வெலை. செண்டு எத்தன, ரத வீதிக்கு எத்தன எட்டு, வாசல்ல வண்டி நிக்குமா, இம்புட்டுத்தான் கேப்பாவ. கட்டடத்தக் கணக்குலயே சேக்க மாட்டாவ." பிறகு ஒரு கணக்குச் சொன்னார், அது எனக்குப் பிடித்திருந்தது. கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 2023 ஏப்ரலுக்கு முன்னால் பதிவுக் கட்டணம் 4 சதவீதமாக இருந்தது, வழிகாட்டி மதிப்பைக் கூட்டிவிட்டு அதைக் குறைத்தார்கள். ஆக, டைல்ஸ் போட்டோம் என்று நாங்கள் பத்து லட்சம் கூடக் கேட்டால், பத்திரத்தில் முழு விலையும் காட்டுகிறவருக்கு அதன் மேல் இன்னும் தொண்ணூறாயிரம் ஏறும். "அந்தக் காசுக்கு அவரு தனக்குப் பிடிச்ச டைல்ஸப் போட்டுக்கிடுவாரு."

இரண்டு விதமான ஆட்கள் வந்து பார்த்தார்கள். கடைக்கோ கிட்டங்கிக்கோ இடம் தேடி வந்தவர்கள் வாசலில் நின்றே நீள அகலம் அளந்துவிட்டுப் போனார்கள். குடியிருக்க வந்தவர்கள் உள்ளே வந்து, பூசை அறை இந்த மூலையில் கூடாது, அடுப்பு அந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று அங்கேயே மனசுக்குள் இடிக்கத் தொடங்கினார்கள். முதல் வகைக்கு எங்கள் டைல்ஸ் தேவையில்லை. இரண்டாம் வகை அதைக் கொத்தி எடுத்துவிடும்.

இதற்கிடையில் வந்தது 2023 டிசம்பர் மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை அது. தாமிரபரணி பெருகி ஊரே திண்டாடியது. தண்ணீர் வடிந்த பிறகு தம்பி போய்ப் பார்த்துவிட்டுப் போன் செய்தான். வீட்டுக்குள் வெள்ளம் வரவில்லை, ஆனால் இரண்டாங்கட்டு மூலையில் மேல்தளமான தட்டட்டி ஒழுகி, உத்திரத்தின் ஒரு முனை நனைந்து கறுத்திருக்கிறது, ஒரு கட்டையில் செல் ஏறியிருக்கிறது. காண்டிராக்டரிடம் கேட்டதற்கு, "கவலப்படாதீங்க, ஃபால்ஸ் சீலிங் போட்டா ஒண்ணும் தெரியாது" என்றாராம்.

எனக்கு அந்தப் பன்னிரண்டு லட்சம் முழுவதுமே அப்போதுதான் கசந்தது. தெரியாமல் இருப்பதற்காகச் செய்கிற வேலைக்கு மராமத்து என்று யார் பெயர் வைத்தது? எங்கள் வக்கீலும் அதையேதான் சட்டமாகச் சொன்னார். 1882-ம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-வது பிரிவு. வாங்குகிறவர் சாதாரணமாகப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத பெரிய குறை விற்கிறவருக்குத் தெரிந்திருந்தால், அதைச் சொல்லியாக வேண்டும். மூடி வைத்தால் பின்னால் வழக்கு வரும். அண்ணன் அன்றைக்கே ஃபால்ஸ் சீலிங்கை விட்டுவிட்டான். அவன் பிடிவாதக்காரனே தவிர மறைக்கிறவன் இல்லை.

ஒழுகலை மட்டும் அடைப்பது என்று முடிவானது. தச்சநல்லூரிலிருந்து ஒரு வயசான கொத்தனாரைத் தம்பி தேடிப் பிடித்தான். அவர் சுவரைத் தட்டிப் பார்த்தார், நகத்தால் சுரண்டினார். "இதுல சிமென்ட் வச்சிராதிய. சுண்ணாம்புச் சுவரு மூச்சு விடும். மேல சிமென்டையோ பிளாஸ்டிக் பெயின்டையோ பூசுனா ஈரம் வெளிய வர வழியில்லாம உள்ளயே நிக்கும். ரெண்டு மழையில பொரிஞ்சு கொட்டிரும்." அண்ணனுக்கு எமல்ஷன் ஆசையும் அதோடு போயிற்று.

அந்த வேலையைப் பார்க்க நான் மதுரையிலிருந்து போய் இருந்தேன். எங்கள் தட்டட்டி பழைய முறையில் போட்டது. தேக்கு உத்திரம், அதன் மேல் குறுக்கே கட்டைகள், கட்டைகளின் மேல் மெல்லிய செங்கலைச் செங்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்பு, அதற்கும் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த காரை, கடைசியில் தட்டோடு. பழுதான மூலையை மட்டும் பிரித்து, செல்லரித்த கட்டையை மாற்றி, புதுக் காரையைப் பரப்பினார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணீரை ஒரு சித்தாள் தெளித்துக்கொண்டே வர, இரண்டு பெண்கள் குத்த வைத்து உட்கார்ந்து மரக்கட்டையால் தட்டினார்கள். முதலில் சத்தம் பொத் பொத்தென்று விழுந்தது. தட்டத் தட்ட அது இறுகி, மறுநாள் மத்தியானம் டக் டக்கென்று கேட்டது. "கட்ட எம்பிக் குதிக்கணும்மா. அப்பத்தான் காரை சேந்திருக்குன்னு அர்த்தம்" என்றார் கொத்தனார். சின்ன வயசில் எங்கள் தெருவில் ஏதாவது ஒரு மாடியில் இந்தச் சத்தம் கேட்கும். பத்துப் பன்னிரண்டு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, பேச்சும் சிரிப்புமாகத் தட்டுவார்கள். இப்போது தட்டத் தெரிந்த இரண்டு பேருக்கே கொத்தனார் எங்கெங்கோ போன் போட வேண்டியிருந்தது. அந்த இரண்டு பேரும் அவருடைய மருமகளும் அவளுடைய அக்காவும்.

வாசலில் சுண்ணாம்பு மூட்டை இறங்கினதும் எதிர்வீட்டுப் பெரியம்மா கம்பை ஊன்றிக்கொண்டு வந்துவிட்டாள். "என்ன விசேஷம்யா? ஒம் மகளுக்கா?" என்று அண்ணனைக் கேட்டாள். அவன் என்னைப் பார்த்தான். நான் கிணற்றைப் பார்த்தேன். "இல்ல பெரியம்மா. வீட்ட விக்கோம்" என்று ஒருவழியாகச் சொன்னான். பெரியம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "விக்கிற வீட்டுக்கா காரை போடுதிய?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் மூட்டையில் கையை விட்டு ஒரு துண்டு எடுத்து நசுக்கிப் பார்த்தாள். "நல்ல சுண்ணாம்புதான். வாரவன் நனையாம இருக்கட்டும்."

மழைக்குப் பயந்து இந்த வேலையை முடித்தோம். பெரிய ஒழுகல் காகிதத்தில் இருந்தது.

வாங்க வந்தவர் பாத்திரக் கடைக்காரர். கோயில் பக்கமாகக் குடியிருக்க வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தவர். அவர் முதன்முதலில் வந்ததே ஒரு கோடை மழை நாளில், குடையோடு. வீட்டை மழையில் பார்க்க வேண்டும் என்பது அவர் அப்பா சொல்லிக் கொடுத்தது. ஒவ்வொரு மூலையிலும் அண்ணாந்து பார்த்தார், கிணற்றை எட்டிப் பார்த்தார், கோடையில் எத்தனை உறை தண்ணீர் கிடக்கும் என்று கேட்டார். பெயிண்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடைசியில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்: "பட்டா யாரு பேர்ல இருக்கு?"

பட்டா தாத்தா பெயரில் இருந்தது. நகர நில அளவைப் பதிவேட்டில் தாத்தா பெயர், மின் இணைப்பு ஆச்சி பெயரில், வீட்டு வரி அப்பா பெயரில். மூன்று பேரும் ஆளுக்கொரு காகிதத்தில் உட்கார்ந்திருந்தார்கள். தாத்தா சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கின வீடு, உயில் எழுதாமல் போய்விட்டார். அப்படியானால், என்றார் வக்கீல், 1956-ம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சம பங்கு. ஆச்சியும் இப்போது இல்லாததால் அவள் பங்கும் அப்பாவுக்கும் அத்தைக்கும் சமமாகப் போகும்.

கூட்டிக் கழித்தால் பாதி வீடு அத்தையுடையது. அத்தையின் பாதிக்கும் சேர்த்துத்தான் அண்ணன் டைல்ஸ் நிறம் பார்த்துக்கொண்டிருந்தான்.

அத்தை அம்பாசமுத்திரத்தில் இருக்கிறாள். எண்பதைத் தாண்டிவிட்டாள். முன்பெல்லாம் இப்படிக் கையெழுத்து வேண்டியிருந்தால் ஒரு பட்டுச் சேலை, தட்டில் பழம் வெற்றிலை, கொஞ்சம் பணம். விடுதலைப் பத்திரத்தில் பிறந்த வீட்டுப் பெண் எதுவும் கேட்காமல் போட்டுவிட்டுப் போவாள். நாங்களும் அல்வாவும் பழமும் வாங்கிக்கொண்டுதான் போனோம். அத்தை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எம் பங்கு எவ்வளவுட்டி வரும்?" என்றாள் என்னைப் பார்த்து. அண்ணன் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டான். நான் பாதி என்று சொன்னேன். "இத அப்பவே கேட்டிருப்பேன். கேட்டா அப்புறம் பொறந்த வீட்டுப் படி ஏற முடியாதுன்னு சொன்னாவ. அதான் வாய மூடிக்கிட்டு இருந்துட்டேன்." இதைச் சொல்லும்போது அவள் குரலில் கோபம் இல்லை, கணக்கு மட்டும் இருந்தது. பிறகு அவளே சொன்னாள்: "எங்க அம்மைய படுக்கையில கெடந்த நாளெல்லாம் ஒங்க அம்மைதான் பாத்தா. அதுக்குப் பாதிய விட்டுக்குடுக்கேன். நாலுல ஒண்ணு எனக்குக் குடுங்க."

திரும்பி வரும்போது காரில் வெகு நேரம் யாரும் பேசவில்லை. கல்லிடைக்குறிச்சி தாண்டினதும் தம்பிதான், "அத்த சொன்னது நாயந்தானண்ணே" என்றான். அண்ணன் ஆமாம் என்றான்.

வாரிசுச் சான்றிதழ், பட்டா மாறுதல், பழைய காலத்துக்கு வில்லங்கச் சான்றிதழ், பீரோ அடியில் இல்லாமல் அம்மாவின் டிரங்குப் பெட்டி அடியில் கிடைத்த தாய்ப்பத்திரம் என்று எல்லாம் சேர மாதங்கள் போயின. வரிக்கணக்கு பார்க்கிற ஆடிட்டர் வேறு ஒரு செய்தி சொன்னார். அந்த ஆடியில்தான், 2024 ஜூலை 23 முதல், சொத்து விற்ற லாபத்துக்கு வரி முறை மாறியிருந்தது. பழைய சொத்துக்குப் பணவீக்கத்தைக் கழிக்காமல் 12.5 சதவீதமோ, கழித்து 20 சதவீதமோ, எது குறைவோ அதைக் கட்டலாம். அந்தக் கணக்கில் வெள்ளையடிப்பு, பெயிண்ட் போன்ற பராமரிப்பைச் செலவாகக் காட்ட முடியாது, நிலையாகக் கட்டடத்தோடு சேரும் மேம்பாட்டைத்தான் காட்டலாம், அதற்கும் பில் வேண்டும் என்றார். பெயிண்டுக்கு ஒரு பக்கமும் வரவு இல்லை என்பது அதோடு முடிவாயிற்று.

ஆவணியில் கிரயம். அத்தை பேரன் தோளைப் பிடித்துக்கொண்டு பதிவு அலுவலகப் படி ஏறி வந்து, எங்களோடு விற்பவர் வரிசையில் நின்று, கைரேகை வைத்துக் கையெழுத்தும் போட்டாள். அவள் பங்கு அவள் கணக்குக்கே போனது. வீட்டுக்குக் கிடைத்த விலை, தரகர் முதல் நாள் வெற்றிலையை மென்றுகொண்டே சொன்ன விலைதான். தட்டட்டிக்குச் செலவழித்ததை நாங்கள் விலையில் கூட்டிக் கேட்கவில்லை, வாங்கினவரும் ஒழுகலைக் காட்டிக் குறைக்கவில்லை. பழைய சாமானை எடைக்கடைக்குப் போட்டு, ஒட்டடை அடித்து, அறைக்கொரு பல்பு மாட்டி, தரையைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்து ஒப்படைத்தோம். பாத்திரக் கடைக்காரர் வீட்டை இடிக்கவில்லை. சிவப்புத் தரையின் மேல் கிளிப்பச்சையில் டைல்ஸ் ஒட்டியிருக்கிறாராம், அண்ணன் பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள் புலம்பினான்.

வீட்டை விற்கிற யோசனையில் இருப்பவர்கள் பெயிண்ட் கடைக்குப் போகுமுன் இரண்டு காரியம் செய்யுங்கள். ஒரு மழை நாளில் வீட்டுக்குள் நின்று அண்ணாந்து பாருங்கள். பட்டாவையும் தாய்ப்பத்திரத்தையும் எடுத்து யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். அந்தப் பெயருக்கு ஒரு மகள் இருந்து, அவள் எங்கேயோ ஒரு ஊரில் உங்கள் அத்தையாக இருந்தால், அவள் நடமாட்டத்தோடு இருக்கும்போதே பஸ் பிடித்துப் போய், பங்கைப் பற்றி நீங்களே பேச்சை எடுங்கள்.